அடிக்கிற கையையே தேடி ஓடும் குழந்தை

"அடிக்கிற கைதான் அணைக்கும்" என்று சொல்லி, அழுகிற குழந்தையைத் தேற்றுவது நம் வழக்கம். பல வீடுகளில் அப்படி நடக்கவும் செய்கிறது. கோபத்தில் கை நீட்டிய அம்மா, கொஞ்ச நேரத்தில் மனசு கேட்காமல் மடியில் இழுத்துப் போட்டுக்கொள்வார். (அடிப்பது சரிதான் என்று சொல்ல வரவில்லை. அது வேறு பேச்சு.) ஆனால் அந்தக் கை எப்போது அடிக்கும், எப்போது அணைக்கும் என்று தெரியாமலே ஒரு குழந்தை பத்து வருடம் வளர்ந்தால்? பயம் வந்தால் யாரிடமாவது ஓடி ஒளிய வேண்டும். ஒளிய அதற்கு இருக்கும் ஒரே இடமோ, எதைப் பார்த்துப் பயந்ததோ அதே கை.

சிறுவயதுக் கொடுமைகளைப் பற்றி உளவியல் சொல்வதில் பெரும்பகுதி இந்த ஒரு முடிச்சிலிருந்துதான் கிளைக்கிறது. கொடுமைக்கு ஆளாகும் குழந்தையிடம் தெரியும் விநோதமான நடத்தைகளுக்கும் சரி, அதே குழந்தை வளர்ந்து முப்பது வயதில் நல்ல துணை கிடைத்தும் நிம்மதியில்லாமல் தவிப்பதற்கும் சரி, வேர் இங்கேதான் இருக்கிறது.

பிணைப்பு என்பது என்ன

குழந்தைக்கு அம்மாவிடம் ஏன் அவ்வளவு ஒட்டுதல்? பால் கொடுப்பதால்தான் என்று ஒரு காலத்தில் நினைத்தார்கள். ஜான் பௌல்பி என்ற பிரிட்டிஷ் மனநல மருத்துவர் அதை ஏற்கவில்லை. வீட்டைப் பிரிந்த குழந்தைகளைப் பற்றி 1951-ல் உலக சுகாதார நிறுவனத்துக்கு அறிக்கை எழுதிக் கொடுத்தவர் அவர். பசி எப்படி ஒரு தேவையோ அப்படியே, பயம் வரும்போது தன்னைக் காப்பாற்றக்கூடிய ஒருவரை அண்டிக்கொள்வதும் பிறவியிலேயே வரும் தனித் தேவை என்றார். அதைத்தான் பிணைப்பு என்கிறோம்.

1950-களில் ஹாரி ஹார்லோ குரங்குக் குட்டிகளை வைத்து ஒரு சோதனை செய்தார். இன்றைக்கு அப்படியொரு சோதனைக்கு அனுமதி கிடைப்பது கடினம்; அத்தனை இரக்கமற்றது. தாயிடமிருந்து பிரித்த குட்டிகளுக்கு இரண்டு பொம்மைத் தாய்கள். கம்பியால் செய்த பொம்மையில் பால்புட்டி இருக்கும். துணி சுற்றிய பொம்மையில் ஒன்றும் இருக்காது. குட்டிகள் பசிக்கு மட்டும் கம்பியிடம் போய்க் குடித்துவிட்டு, மீதி நேரமெல்லாம் துணியைக் கட்டிக்கொண்டு கிடந்தன. எதையாவது காட்டிப் பயமுறுத்தினால் துணித் தாயிடம்தான் ஓடின.

மனிதக் குழந்தைகளிடம் இதை அளந்து பார்த்தவர் மேரி ஐன்ஸ்வொர்த். அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் அவர் உருவாக்கிய சோதனை இன்றுவரை பயன்பாட்டில் இருக்கிறது. ஓர் அறை, சில பொம்மைகள், ஒரு வயதை ஒட்டிய குழந்தை, அதன் அம்மா, முன்பின் தெரியாத ஒருவர். சுமார் இருபது நிமிடத்துக்குள் அம்மா இரண்டு முறை வெளியே போய்த் திரும்புவார். அம்மா போகும்போது குழந்தை அழுகிறதா என்பதல்ல முக்கியம். அம்மா திரும்பி வந்ததும் அது என்ன செய்கிறது என்பதைத்தான் உற்றுப் பார்ப்பார்கள்.

பாதிக்கும் மேற்பட்ட குழந்தைகள் அம்மாவிடம் நேராகப் போகும், ஒட்டிக்கொள்ளும், சிறிது நேரத்தில் அழுகை அடங்கிப் பொம்மைகளிடம் திரும்பும். இது பாதுகாப்பான பிணைப்பு. சில குழந்தைகள் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டு, அதே சமயம் அம்மாவை அடிக்கும், உதைக்கும். தூக்கினாலும் அடங்காது, இறக்கினாலும் அடங்காது. இது தவிப்புப் பிணைப்பு. வேறு சில, அம்மா வந்ததையே கவனிக்காததுபோல் பொம்மையை உருட்டிக்கொண்டிருக்கும். பார்ப்பவர்கள் "எவ்வளவு சமத்து, அழவே இல்லை பாருங்கள்" என்பார்கள். ஆனால் இதயத் துடிப்பை அளந்தபோது அந்தக் குழந்தைகளின் நெஞ்சும் மற்றவர்களுடையதைப் போலவே படபடத்தது தெரிந்தது. அழுதால் பலனில்லை என்று ஒரு வயதுக்குள் கற்றுக்கொண்டுவிட்ட குழந்தைகள் அவை. இது விலகல் பிணைப்பு.

இந்த மூன்றிலும் ஒரு வழிமுறை இருக்கிறது. தன் வீட்டில் எது பலிக்குமோ அதைக் குழந்தை செய்கிறது. ஆனால் எதிலும் அடங்காத குழந்தைகளும் இருந்தன. 1980-களில் மேரி மெய்னும் ஜூடித் சாலமனும் பழைய பதிவுகளைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தார்கள். அம்மா கதவைத் திறந்ததும் கையை நீட்டிக்கொண்டு கிளம்பிய குழந்தை, பாதி வழியில் அப்படியே உறைந்து நிற்கிறது. இன்னொன்று அம்மாவை நோக்கி நகர்கிறது, ஆனால் முகத்தைத் திருப்பிக்கொண்டு, பின்பக்கமாக. மற்றொன்று எழுந்து வந்து பொத்தென்று தரையில் குப்புற விழுந்து கிடக்கிறது. இவற்றுக்குச் சிதறிய பிணைப்பு என்று பெயர் வைக்கலாம்.

மெய்ன் தந்த விளக்கம்தான் நான் முதலில் சொன்ன முடிச்சு. ஆபத்து வந்தால் விலகி ஓடு என்கிறது உடம்பு. ஆபத்து வந்தால் அம்மாவிடம் ஓடு என்றும் அதே உடம்பு சொல்கிறது. அம்மாவே ஆபத்தாகிவிட்டால் இரண்டு கட்டளையும் மோதி, குழந்தை நடு அறையில் நின்றுவிடுகிறது. சாதாரணக் குடும்பங்களில் சுமார் 15 சதவீதக் குழந்தைகளிடம் இந்தச் சிதறல் தெரியும். கொடுமைக்கு ஆளான கைக்குழந்தைகளை வைத்து 1989-ல் வெளியான ஓர் ஆய்வில் அது 80 சதவீதத்தைத் தொட்டது. பின்னால் வந்த ஆய்வுகளில் இந்த அளவு ஏறி இறங்கியிருக்கிறது. ஆனால் சாதாரணக் குடும்பங்களைவிடப் பல மடங்கு அதிகம் என்பதில் மாற்றமில்லை.

எது கொடுமை, எது கண்டிப்பு

மருத்துவ உலகமே இந்த விஷயத்தைத் தாமதமாகத்தான் கண் திறந்து பார்த்தது. ஹென்றி கெம்ப்பும் அவருடைய சகாக்களும், அடித்து நொறுக்கப்பட்ட குழந்தைகளை மருத்துவர்கள் அடையாளம் காண வேண்டும் என்று கட்டுரை எழுதியது 1962-ல். அதற்கு முன்பெல்லாம் எலும்பு முறிவு எலும்பு முறிவாக மட்டுமே பார்க்கப்பட்டது.

இன்று பொதுவாக நான்கு வகை சொல்வார்கள்: உடல்ரீதியான கொடுமை, பாலியல் அத்துமீறல், மனரீதியான கொடுமை, புறக்கணிப்பு. முதல் இரண்டைக் கொடுமை என்று ஏற்க யாரும் தயங்குவதில்லை. பின்னது இரண்டில்தான் சிக்கல். தழும்பு இருக்காது, வெளியே சத்தம் கேட்காது. "உன்னைப் பெத்ததே தப்பு" என்று வாரத்துக்கு நாலு தடவை கேட்டு வளர்ந்தவர்கூட, "எங்க வீட்ல என்னை யாரும் அடிச்சதில்லை" என்று சொல்லித் தன் கதையை முடித்துவிடுவார்.

புறக்கணிப்பு இன்னும் நுட்பமானது. அங்கே ஏதோ நடந்தது என்பதைவிட, நடக்க வேண்டியது நடக்கவில்லை என்பதே பிரச்சினை. எட்வர்ட் ட்ரோனிக் 1970-களில் செய்த சோதனை இதைக் கண்முன் காட்டும். குழந்தையோடு சிரித்துப் பேசிக்கொண்டிருக்கும் அம்மா, ஆய்வாளர் சொன்னபடி சட்டென்று முகத்தை அசைவில்லாமல் வைத்துக்கொள்வார். இரண்டு மூன்று நிமிடம்தான். குழந்தை சிரித்துப் பார்க்கும். விரலை நீட்டிக் காட்டும். குரல் எழுப்பும். எதற்கும் பதில் வராதபோது முகத்தைத் திருப்பிக்கொள்ளும். சில குழந்தைகள் அப்படியே துவண்டுவிடும். இரண்டு நிமிடத்துக்கே இப்படி. வருடக்கணக்கில் இதே முகத்தைப் பார்த்து வளரும் குழந்தையை நினைத்துக்கொள்ளுங்கள்.

பெற்றோர் இதைப் படித்துப் பதற வேண்டாம். நல்ல அம்மாக்களும் குழந்தையின் மனநிலையோடு ஒத்துப்போகாத நேரமே அதிகம் என்பதையும் ட்ரோனிக்கின் ஆய்வுகளே காட்டின. தவறிய பின் திரும்பி வந்து சரிசெய்கிறார்களா என்பதுதான் கணக்கு. கண்டிப்பையும் கொடுமையையும் பிரிக்க நானும் இதையே அளவுகோலாக வைத்துக்கொள்கிறேன். எதற்காகக் கண்டிக்கப்படுகிறோம் என்று குழந்தைக்குத் தெரிகிறதா? ஒரு எல்லையில் அது நிற்கிறதா? பிறகு உறவு பழைய நிலைக்கு வருகிறதா? மூன்றுக்கும் இல்லை என்று பதில் வரும் வீட்டில், கண்டிப்பு என்ற பெயரில் வேறு ஏதோ நடக்கிறது.

கண்ணில் பட வேண்டிய அறிகுறிகள்

ஓடியாடும் குழந்தைக்கு அடிபடாமல் இருக்காது. நெற்றி, முகவாய், முழங்கால், கால் முன்னெலும்பு என்று முன்னால் துருத்தி நிற்கும் இடங்களில் அடிபடும். காது, கழுத்து, முதுகு, வயிறு, தொடையின் உட்பக்கம் ஆகியவை விழுந்தால் சுலபத்தில் அடிபடாத இடங்கள். அங்கே ரத்தக்கட்டு தெரிந்தால் கவனிக்க வேண்டும். நான்கு மாதம்கூட ஆகாத, புரளவே தெரியாத கைக்குழந்தையின் உடம்பில் எங்கே ரத்தக்கட்டு இருந்தாலும் உடனே மருத்துவரிடம் காட்டியாக வேண்டும். ரத்தம் உறைவதில் கோளாறு இருந்தாலும் இப்படி வரலாம். அதையும் சொல்ல வேண்டியவர் மருத்துவர்தான். பெல்ட்டின் மடிப்பு, சிகரெட் முனையின் வட்டம் என்று ஒரு பொருளின் அச்சு தெரியும் காயங்கள், கேட்கும்போதெல்லாம் மாறும் காரணங்கள், அடிபட்டு இரண்டு நாள் கழித்துச் சிகிச்சைக்குக் கொண்டுவருவது, இவையும் அப்படித்தான்.

நடத்தையில் தெரியும் அறிகுறிகளில் "திடீர் மாற்றம்" என்பதை முதலில் சொல்வேன். நன்றாகப் பேசிக்கொண்டிருந்த குழந்தை வாயை மூடிக்கொள்வது. நின்றுபோன படுக்கை நனைத்தல் மறுபடி தொடங்குவது. ஒரு குறிப்பிட்ட ஆளின் பெயரைச் சொன்னாலே வயிற்றுவலி வருவது. பள்ளி விட்டும் வீட்டுக்குப் போக மனமில்லாமல் சுற்றிக்கொண்டிருப்பது. பக்கத்தில் யாராவது தலை சொறியக் கையைத் தூக்கினாலும் ஒடுங்குவது. சாப்பாட்டை ஒளித்து வைப்பது. வயதுக்கு மீறிய பாலியல் விவரங்களைப் பேச்சிலோ விளையாட்டிலோ காட்டுவது. தன் உடம்பைத் தானே காயப்படுத்திக்கொள்வது.

முரட்டுத்தனம் காட்டும் குழந்தையைப் பற்றியாவது யாராவது புகார் சொல்வார்கள். அதிகம் தப்பிப்போவது ரொம்ப நல்ல குழந்தைதான். ஆறு வயதில் தம்பியைக் குளிப்பாட்டி, அப்பாவின் முகம் பார்த்து அம்மாவை எச்சரித்து, எதுவும் கேட்காமல், எதற்கும் அழாமல் இருக்கும் குழந்தையைப் பார்த்து, "பெரிய மனுஷி மாதிரி" என்று பாராட்டுவோம். விழுந்து முழங்கால் கிழிந்தும் யாரிடமும் ஓடாத குழந்தைக்குத் தைரியம் அதிகம் என்பது ஒரு விளக்கம். ஓடினால் பலனில்லை என்று அது முடிவுகட்டிவிட்டது என்பது இன்னொரு விளக்கம். இதற்கு நேர் எதிராக, பார்த்த நிமிடமே முன்பின் தெரியாதவர் மடியில் ஏறி உட்காரும் குழந்தைகளும் உண்டு. கவனிக்க ஆளில்லாமல் வளர்ந்த குழந்தைகளிடம் இதைக் காணலாம்.

பெரியவர் பக்கமும் பார்க்க வேண்டும். குழந்தையைப் பற்றி ஒரு நல்ல வார்த்தைகூடச் சொல்ல வராதவர், அதைத் தனியாக யாரிடமும் பேச விடாதவர், பலர் முன் அவமானப்படுத்தி ரசிப்பவர். பாலியல் அத்துமீறலில் ஈடுபடுபவரோ இப்படி எதையும் காட்டமாட்டார். அவர் பெரும்பாலும் குழந்தைக்குத் தெரிந்தவராகவே இருப்பார். குடும்பத்தின் நம்பிக்கையை முதலில் சம்பாதித்துக்கொள்வார். பரிசு, தனிச் சலுகை, "இது நமக்குள்ள மட்டும்" என்ற ரகசியம் என்று படிப்படியாகத்தான் நெருங்குவார். புதியவர்களிடம் எச்சரிக்கையாக இரு என்று மட்டும் சொல்லிக்கொடுத்தால் போதாது என்பது இதனால்தான்.

மேலே சொன்னவற்றில் ஒன்றை மட்டும் வைத்து யார் மீதும் குற்றம் சாட்டிவிட முடியாது. வீட்டில் ஒரு மரணம், புதுப் பள்ளி, தம்பி பிறந்தது என எதனாலும் குழந்தை மாறலாம். பல அறிகுறிகள் சேர்ந்து, தொடர்ந்து தெரிகின்றனவா என்பதே கேள்வி.

குழந்தை எப்போதாவது வாய் திறந்தால், அது பெரும்பாலும் முழுக் கதையாக வராது. "நான் அங்க தூங்கப் போகல" என்பதோடு நிற்கும். பெரியவரின் முகத்தைப் பார்த்துத்தான் மீதியைச் சொல்வதா விழுங்குவதா என்று தீர்மானிக்கும். "சொன்னது நல்லதாப் போச்சு கண்ணு. இதுல உன் மேல எந்தத் தப்பும் இல்லை. என்ன செய்யணும்னு நான் பாக்கறேன்." இவ்வளவு போதும். துருவித் துருவிக் கேட்பதும், "அவன் இங்கே தொட்டானா?" என்று பதிலை நாமே எடுத்துக் கொடுப்பதும் குழந்தையையும் குழப்பும், பின்னால் நடக்கும் விசாரணையையும் கெடுக்கும். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்து கொடுக்காதீர்கள். சொல்லித்தான் ஆக வேண்டியிருக்கும். சந்தேகப்படும் நபரிடம் போய்ச் சண்டை போடுவதற்கு முன், குழந்தைகள் உதவி எண்ணையோ காவல்துறையையோ குழந்தைகள் பாதுகாப்பு அதிகாரிகளையோ தொடர்புகொள்ளுங்கள். சொன்னதைக் குழந்தை பிறகு "அப்படி ஒண்ணும் நடக்கல" என்று மறுக்கவும் கூடும். வீடு ரெண்டுபட்டதைப் பார்த்துப் பயந்து பின்வாங்குவதை ரோலண்ட் சம்மிட் என்ற மனநல மருத்துவர் 1983-லேயே விவரித்திருக்கிறார். மறுத்துவிட்டதாலேயே முதலில் சொன்னது பொய் என்றாகிவிடாது.

உள்ளே என்ன நடக்கிறது

வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு எளிதில் புரியாத ஒன்று உண்டு. இவ்வளவு நடந்தும் குழந்தை ஏன் அப்பாவை வெறுப்பதில்லை? ஏன் தன்னையே வெறுக்கிறது? பௌல்பிக்கு முந்திய தலைமுறையைச் சேர்ந்த ரொனால்ட் ஃபேர்பேர்ன் இதற்கு ஒரு பதில் வைத்திருந்தார். தன்னை வளர்ப்பவர் கெட்டவர் என்று ஒப்புக்கொண்டால் குழந்தைக்கு உலகத்தில் போக்கிடமே இல்லை. நான்தான் கெட்டவன் என்று வைத்துக்கொண்டால், அப்பா நல்லவராகவே இருப்பார். நான் திருந்தினால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கையும் மிஞ்சும். குற்ற உணர்வு அங்கே உயிர் பிழைக்கும் வழி. இருபது வருடம் கழித்தும், மேலதிகாரி முகம் சுளித்தால் "நான் என்ன தப்பு பண்ணேன்" என்று மனசு முதலில் தன்னையே சோதனை போடுவது அந்தப் பழைய பாடம்தான்.

உடம்பும் தன் பங்குக்குக் கற்றுக்கொள்கிறது. செத் போலக் என்ற உளவியலாளர் 2002-ல் வெளியிட்ட ஆய்வுகளில், ஓர் உணர்ச்சியிலிருந்து இன்னோர் உணர்ச்சிக்குக் கொஞ்சம் கொஞ்சமாக மாறும் முகப் படங்களைக் குழந்தைகளுக்குக் காட்டினார்கள். அடிபட்டு வளர்ந்த குழந்தைகள், கோபத்தின் சாயல் லேசாகத் தெரியும்போதே "கோபம்" என்று சொல்லிவிட்டார்கள். மற்றக் குழந்தைகளுக்கு இன்னும் தெளிவான கோபம் தேவைப்பட்டது. இதைக் குறைபாடு என்பதா, திறமை என்பதா? ஆபத்தான வீட்டில் அது உயிர்காக்கும் திறமை. ஆபத்தில்லாத வீட்டிலும் அது ஓயாமல் ஒலித்துக்கொண்டே இருப்பதுதான் சிக்கல்.

அமெரிக்காவில் வின்சென்ட் ஃபெலிட்டியும் ராபர்ட் அண்டாவும் 17,000-க்கும் மேற்பட்ட பெரியவர்களிடம் சிறுவயது அனுபவங்களைக் கேட்டு நடத்திய ஆய்வின் முதல் முடிவுகள் 1998-ல் வந்தன. மூவரில் இருவர் ஏதாவது ஒரு கசப்பான அனுபவத்தைச் சொன்னார்கள். அத்தகைய அனுபவங்கள் கூடக் கூட, மனச்சோர்வு, குடிப்பழக்கம், இதய நோய் எல்லாவற்றுக்கும் வாய்ப்பு கூடியது. இந்த அனுபவங்களை எண்ணிக் கூட்டி, "உங்கள் மதிப்பெண் என்ன?" என்று இணையத்தில் விளையாடுகிறார்கள். பெருங்கூட்டத்தைப் பற்றிய கணக்கு அது. தனியொருவரின் எதிர்காலத்தைச் சொல்லும் ஜாதகம் அல்ல.

வளர்ந்த பிறகு

தாய் சினந்து அடிக்கும்போதும் வாய்விட்டு "அம்மா" என்றே அழும் குழந்தையைச் சங்கப் பாட்டொன்றில் தோழி ஒருத்தி உவமையாகச் சொல்கிறாள். சொல்வது தலைவனிடம். நீ தீங்கு செய்தாலும் சரி, அன்பு செய்தாலும் சரி, என் தோழிக்கு உன்னை விட்டால் வேறு கதியில்லை, அவள் துயரைக் களைய வேறு யாருமில்லை என்பது அவள் முறையீடு. குழந்தையின் பிணைப்பையும் காதலின் பிணைப்பையும் ஒரே மூச்சில் வைத்த பாட்டு அது. உளவியல் அதே இடத்துக்கு வந்து சேர்ந்தது 1987-ல். சிண்டி ஹசனும் ஃபிலிப் ஷேவரும் ஒரு நாளிதழில் காதல் பற்றிய கேள்வித்தாளை வெளியிட்டு, வந்த பதில்களை அலசினார்கள். பெரியவர்களிலும் பாதிக்குச் சற்று மேல் பாதுகாப்பான வகை. மீதிப் பேர் விலகலிலும் தவிப்பிலும் பிரிந்தார்கள். ஐன்ஸ்வொர்த் குழந்தைகளிடம் கண்டதற்கு நெருங்கிய விகிதம்.

தவிப்பு வகையில் இருக்கும் பெண் ஒருத்தியை எடுத்துக்கொள்வோம். கணவர் வேலை முடிந்து வந்து பேசாமல் உட்கார்கிறார்.

"கோபமா?"

"இல்லையே."

"அப்புறம் ஏன் ஒரு மாதிரி இருக்கீங்க?"

"தலைவலிம்மா, அவ்ளோதான்."

அவளுக்கு அது தலைவலியாகக் கேட்காது. காலையிலிருந்து தான் பேசியதையெல்லாம் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்ப்பாள். மறுபடி கேட்பாள். நாலாவது தடவை அவர் நிஜமாகவே எரிந்து விழுவார். "பாத்தீங்களா, கோபம்தான்" என்று அவளுடைய பயம் தனக்குத்தானே சான்று தேடிக்கொள்ளும்.

விலகல் வகையில் இருப்பவர் நூறு டிகிரிக்கு மேல் காய்ச்சல் இருந்தாலும் மனைவியிடம் சொல்லமாட்டார். மனைவி அழுதால் எழுந்துபோய்ப் பாத்திரம் கழுவுவார். பாசமில்லாமல் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொள்வது என்ற ஒன்று அவருக்கு யாரும் செய்து காட்டாதது. பாத்திரம் கழுவுவதுதான் அவருக்குத் தெரிந்த அன்பு. "அவருக்கு மனசே கல்லு" என்று வீடு முடிவுகட்டிவிடும்.

சிறுவயதில் வளர்த்தவரே பயமுறுத்தியவராகவும் இருந்திருந்தால், இந்த இரண்டும் ஒரே ஆளுக்குள் குடியிருக்கலாம். கிம் பார்த்தலமியூவும் லியனார்ட் ஹோரோவிட்ஸும் 1991-ல் இதை அஞ்சி விலகும் வகை என்று பிரித்துக் காட்டினார்கள். நெருக்கம் வேண்டும், நெருக்கமே பயம். இவர்கள் வீட்டில் பெரிய சண்டை வருவது பெரும்பாலும் நன்றாக இருந்த நாளுக்கு மறுநாள். முந்தின நாள் மனம் திறந்து பேசியது, மடியில் படுத்தது எல்லாம் இரவோடு இரவாக ஆபத்தாக மாறிவிடும். ஏதாவது சின்ன விஷயத்தைப் பிடித்து இழுத்து, தள்ளிவிட்ட பிறகுதான் மூச்சு வரும். தள்ளிவிட்ட கையோடு, போய்விடுவாரோ என்ற பதற்றமும் வரும்.

இன்னும் சில தடங்கள் உண்டு. கத்தலுக்குப் பழகியவருக்கு, அமைதியான, சொன்னால் சொன்ன நேரத்துக்கு வரும் ஆள் சலிப்பாகத் தெரியலாம், சந்தேகத்தைக்கூடக் கிளப்பலாம். நெஞ்சு படபடத்தால்தான் காதல் என்று உடம்பு குழப்பிக்கொள்ளும். முடியாது என்று சொல்ல வாய் வராது. பாலியல் அத்துமீறலைக் கடந்து வந்தவர்களில் சிலருக்கு, விரும்பித் திருமணம் செய்துகொண்டவரின் தொடுகையிலும் உடம்பு மரத்துப்போகும், அல்லது தான் அங்கே இல்லாததுபோல் மனம் விலகி நிற்கும். துணை மீது அன்பில்லை என்பதற்கு இது அடையாளம் அல்ல. ஒரு காலத்தில் தப்பிக்க இருந்த ஒரே வழியை உடம்பு இன்னும் மறக்கவில்லை.

தனக்கு ஒரு குழந்தை பிறக்கும்போது பலருக்குப் பழையது கிளறும். "நானும் அப்படி ஆகிவிடுவேனோ?" என்று பயப்படுகிறவர்கள் இந்தக் கணக்கைத் தெரிந்துகொள்ள வேண்டும். அதுவரை வந்த ஆய்வுகளை 1987-ல் அலசிய ஜோன் காஃப்மனும் எட்வர்ட் ஸிக்லரும், கொடுமைக்கு ஆளானவர்களில் தம் குழந்தைகளிடம் அதைத் தொடர்பவர்கள் சுமார் 30 சதவீதம் என்று மதிப்பிட்டார்கள். மற்றவர்களைவிட இது அதிகம்தான். ஆனாலும் பெரும்பாலானோர் தொடர்வதில்லை.

இந்த வகைகளை வைத்து ஆளை முத்திரை குத்துவது இப்போது பெருகிவிட்டது. பத்துக் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு, சண்டையில் துணையின் மீது ஒரு பெயரை விட்டெறிகிறார்கள். ஒரே ஆள் மனைவியிடம் ஒரு விதமாகவும் நண்பனிடம் வேறு விதமாகவும் இருப்பதுண்டு. குழந்தைப் பருவப் பிணைப்புக்கும் பெரியவரான பின் இருக்கும் பிணைப்புக்கும் உள்ள தொடர்பு மிதமானதே. பாதுகாப்பில்லாத பிணைப்பு இருக்கிறது என்பதற்காகச் சிறுவயதில் கொடுமை நடந்திருக்க வேண்டும் என்று கதை கட்டவும் கூடாது. அது நீண்ட நோய், பிரிவு, அம்மாவின் மனச்சோர்வு என்று பலவற்றால் வரலாம்.

எது மாற்றுகிறது

1980-களில் மேரி மெய்ன் தன் சகாக்களோடு பெரியவர்களுக்கான ஒரு நேர்காணலை உருவாக்கினார். அம்மாவை விவரிக்க ஐந்து சொற்கள் கேட்பார்கள். பிறகு ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு நிகழ்ச்சி கேட்பார்கள். "ரொம்பப் பாசமானவங்க" என்பார் ஒருவர். எப்போது, எப்படி என்று கேட்டால், "பாசம்னா பாசம்தான், அம்மான்னா அப்படித்தானே" என்பதைத் தாண்டி ஒன்றும் வராது. இன்னொருவர் இருபது வருடத்துக்கு முந்தைய சண்டையை நேற்று நடந்ததுபோல் சொல்லி, கேள்வியையே மறந்துவிடுவார். மற்றொருவர், "அப்பா குடிச்சிட்டு வந்தா நாங்க கட்டிலுக்கடியில போயிருவோம். அவருக்கும் பிரச்சினை இருந்துச்சு, இப்ப புரியுது. ஆனா எங்களுக்கு நடந்தது நடந்ததுதான்" என்று நிதானமாகச் சொல்வார். இந்த மூன்றாமவரின் குழந்தைக்குப் பாதுகாப்பான பிணைப்பு அமையும் வாய்ப்பு அதிகம். என்ன நடந்தது என்பதைவிட, நடந்ததை எப்படிச் சொல்ல முடிகிறது என்பதே அதைத் தீர்மானிக்கிறது என்று கண்டார்கள். இப்படிப் பிற்காலத்தில் வரும் நிலையை, ஈட்டிய பாதுகாப்பு என்பார்கள்.

அது எங்கிருந்து வருகிறது என்பதற்கு, அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் 1970-களில் தொடங்கிய நெடுங்கால ஆய்வு ஒரு துப்புக் கொடுத்தது. கொடுமைக்கு ஆளாகியும் தம் குழந்தைகளிடம் அதைத் தொடராத தாய்மார்களிடம் மூன்று விஷயங்கள் அதிகமாகத் தென்பட்டன: சிறுவயதில் ஆதரவாக இருந்த வேறொரு பெரியவர், ஏதாவதொரு கட்டத்தில் பெற்ற மனநலச் சிகிச்சை, பெரியவளான பின் கிடைத்த நிலையான துணை. முதலாவதை நினைத்துப் பாருங்கள். அந்தப் பெரியவர் பெற்றோராக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. அத்தையோ, தாத்தாவோ, ஆசிரியரோ, யாரோ ஒருவர் போதும்.

அதிர்ச்சியின் பின்விளைவுகளுக்கு உலக சுகாதார நிறுவனம் 2013-ல் பரிந்துரைத்தவற்றில் இரண்டு முக்கியமானவை: அதிர்ச்சியை மையமாக வைத்த சிந்தனை-நடத்தைச் சிகிச்சை, கண்ணசைவைப் பயன்படுத்தும் ஈ.எம்.டி.ஆர். முறை. எதுவாக இருந்தாலும், முதல் சந்திப்பிலேயே எல்லாவற்றையும் கொட்டச் சொல்லும் ஆலோசகரிடம் எச்சரிக்கையாக இருங்கள். அனுபவமுள்ளவர்கள் அப்படித் தொடங்குவதில்லை. பெற்றோரை மன்னித்தால்தான் குணமாகும் என்று சொல்பவரிடமும் அப்படியே. சிலர் மன்னிக்கிறார்கள், சிலர் அளவாகப் பழகுகிறார்கள், சிலர் தொடர்பையே விட்டுவிடுகிறார்கள். மூன்று வழியிலும் தேறியவர்கள் உண்டு.

துணையாக இருப்பவர் வைத்தியராக வேண்டியதில்லை, ஆகவும் கூடாது. அவரால் முடிவது சின்னச் சின்னக் காரியங்கள். சண்டையின் நடுவே வெளியே போக வேண்டியிருந்தால், கதவைச் சாத்திக்கொண்டு போகாமல், "தலை சூடாயிருக்கு, அரை மணி நேரத்துல வந்து பேசறேன்" என்று சொல்லிவிட்டுப் போவது. அரை மணி நேரத்தில் நிஜமாகவே வந்து பேசுவது. தலைவலி என்றால் வந்தவுடனே தலைவலி என்று சொல்லிவிடுவது. பின்னாலிருந்து திடீரென்று தோளைத் தொடாமல் குரல் கொடுத்துவிட்டு வருவது. இப்படிப் பல நூறு தடவை நடந்த பிறகுதான் உடம்பு கொஞ்சம் நம்பத் தொடங்கும். நடுவில் பின்னோக்கியும் போகும்.

இதெல்லாம் துணை நல்லவராக இருக்கும் வீட்டுக்குப் பொருந்தும். துணை அடிக்கிறார், மிரட்டுகிறார், பணத்தையும் போனையும் பிடுங்கி வைத்துக்கொள்கிறார் என்றால் அதைப் பிணைப்புச் சிக்கல் என்று பெயரிட்டுப் புரிந்துகொள்ள முயல வேண்டாம். "அவருக்கும் சின்ன வயசுல கஷ்டம்" என்பது உண்மையாகவே இருக்கலாம். அது அவர் சிகிச்சைக்குப் போக ஒரு காரணம், நீங்கள் அடிபட ஒரு காரணம் ஆகாது. அங்கே முதல் வேலை, நம்பகமான ஒருவரிடமோ உதவி எண்ணிலோ விஷயத்தைச் சொல்லிவிட்டு, பாதுகாப்பான இடத்துக்கு நகர்வதற்கு ஏற்பாடு செய்வது. பிணைப்பை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.